அப்பா பேசின கேசட்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளையடிக்கணும்னு பரண்ல இருந்த சாமானையெல்லாம் இறக்கச் சொன்னாங்க அம்மா. லாந்தர் விளக்கு, மூக்கு உடைஞ்ச கூஜா, தாத்தாவோட ரேடியோ லைசென்ஸ் புத்தகம், என்னோட நாலாங்கிளாஸ் ஜாமெட்ரி பாக்ஸ்னு ஒண்ணொண்ணா இறங்குச்சு. கடைசியா ஒரு தகரப்பெட்டி. தொறந்தா உள்ள முப்பது முப்பத்தஞ்சு கேசட்டும், அப்பா சவூதியிலேர்ந்து கொடுத்தனுப்பின நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னும்.

ஆஹா, ஒரு கொசுவத்திப் பதிவு தேறிடுச்சுடான்னுதான் மொதல்ல நெனச்சேன். ரீவைண்ட் பண்ண பென்சில், வெயில்ல காயவெச்ச பேட்டரின்னு நாலு பாரா எழுதிட்டு, திரும்ப ஆபீஸ் போய் ஆணி புடுங்கலாம்னு திட்டம். ஆனா பெட்டியோட அடியில ஒரு கேசட் இருந்துச்சு. மேல அப்பா கையெழுத்துல "வீட்டுக்கு" அப்படின்னு ஒத்த வார்த்தை. அதைப் பாத்ததும் வயித்துல என்னமோ பண்ணிடுச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்க பக்கத்துக்கு சத்தம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

திருச்சி வானொலி காலம்

எங்க ஊர் பெரம்பலூர் மாவட்டம், குன்னம் பக்கம். வெள்ளாத்துக்குத் தெக்கால பருத்தியும் மக்காச்சோளமும் வெளையிற வானம் பாத்த பூமி. 1995 வரைக்கும் பெரம்பலூர், அரியலூர் எல்லாமே திருச்சி மாவட்டம்தான். அதனால எங்களுக்கு ஜில்லா, காலேஜ், பெரியாஸ்பத்திரி, ரேடியோ எல்லாமே திருச்சி.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ல ஆரம்பிச்சது. மீடியம் வேவ்ல 936 கிலோஹெர்ட்ஸ். தாத்தாவோட பெரிய மர ரேடியோவுல அந்த எடத்துல பேனாவால ஒரு கோடு போட்டிருக்கும், முள்ளு அங்க வந்து நின்னா திருச்சி. அப்போ ரேடியோ வெச்சுக்க போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி லைசென்ஸ் வாங்கணும்ங்கறது இப்ப உள்ள பசங்களுக்குச் சொன்னா சிரிப்பாங்க. 80களோட நடுவுலதான் அந்த வழக்கத்தை எடுத்தாங்க. தாத்தாவோட லைசென்ஸ் புத்தகத்துல வருஷா வருஷம் ஒட்டின ஸ்டாம்பு இன்னும் பளிச்சுனு இருக்கு. மனுஷன் நெலத்துப் பத்திரத்துக்கு அடுத்தபடியா இதைத்தான் பத்திரமா வெச்சிருந்தாராம்.

ரேடியோ அப்போ வெறும் பாட்டுப்பெட்டி இல்ல. 1960கள்ல ஏ.டி.டி. 27ன்னு ஒரு புது நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தப்போ, அதைப் பத்தி விவசாயிங்களுக்கு எடுத்துச் சொன்னது திருச்சி வானொலியோட பண்ணை நிகழ்ச்சிதான். அதனால அந்த நெல்லுக்கு சனங்க வெச்ச பேரு 'ரேடியோ நெல்'. வெதைக்கிற நெல்லுக்கே ஒரு பெட்டியோட பேரை வெச்சாங்கன்னா, அந்தப் பெட்டியை எவ்வளவு நம்பியிருக்கணும்!

எங்க பக்கத்து ஆளு ஒருத்தரோட குரலும் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. 'இன்று ஒரு தகவல்' தென்கச்சி கோ. சுவாமிநாதன். அரியலூர் மாவட்டத்துல கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கிற தென்கச்சிப்பெருமாள்நத்தம்தான் அவர் ஊர். விவசாயம் படிச்சுட்டு வானொலிக்குப் போனவர். காலையில அவர் கதை சொல்லி முடிச்சு, சிரிக்காம ஒரு வரி சொல்லுவார், நாம சிரிப்போம். சென்னையில இருந்து பேசினாலும், நம்ம தெருத் திண்ணையில உக்காந்து பேசுற மாதிரியே இருக்கும். 2009 செப்டம்பர்ல அவர் இறந்துட்டார். அவரோட தகவல்கள் கேசட்டாவும் வந்துச்சு. தகரப்பெட்டியில ரெண்டு இருக்கு.

ரேடியோவுல ஒரே ஒரு குறை. காத்துல வந்தது காத்துலயே போயிரும். இலங்கை வானொலியில பிடிச்ச பாட்டு வர்றப்போ கெணத்துல தண்ணி எறைச்சுக்கிட்டு இருந்தா அம்புட்டுதான், போச்சு. திரும்ப எப்போ போடுவாங்கன்னு தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கேசட்டு.

சட்டைப்பைக்குள்ள அடங்கின மரக்கட்டை

கேசட்டைக் கண்டுபிடிச்சவர் லூ ஒட்டென்ஸ்ங்கற டச்சு இன்ஜினியர். பிலிப்ஸ் கம்பெனியோட பெல்ஜியம் ஃபேக்டரியில வேலை பாத்தவர். பெரிய பெரிய ஸ்பூல் டேப்போட மல்லுக்கட்டி வெறுத்துப்போய், கோட்டுப் பையில அடங்குற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வெச்சுக்கிட்டாராம். "நாம செய்யப்போற ரெக்கார்டர் இதைவிடப் பெருசா இருக்கக் கூடாது", அவ்வளவுதான் ரெக்வயர்மென்ட். (எங்க கிளையன்ட்டுங்களும் இப்படி ஒரு மரக்கட்டையோட வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்... ஹூம்.) அந்த மரக்கட்டை பின்னாடி என்னாச்சு தெரியுமா? வழியில கார் டயர் பஞ்சராகி, ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்க வெச்சுட்டு அங்கேயே விட்டுட்டு வந்துட்டாராம். சரித்திரப் பொருளோட நிலைமை எல்லா ஊர்லயும் அதுதான் போல.

1963 ஆகஸ்ட்ல பெர்லின் ரேடியோ கண்காட்சியில கேசட்டை வெளியே காட்டினாங்க. அப்புறம் பிலிப்ஸ் அந்த வடிவத்தை மத்த கம்பெனிகளுக்கும் காசு வாங்காம விட்டுக்கொடுத்துச்சு. அதனாலதான் எந்தக் கம்பெனி கேசட்டும் எந்தக் கம்பெனி செட்லயும் ஓடுச்சு. 1979 ஜூலையில சோனி வாக்மேன் வந்துச்சு. ஒட்டென்ஸ் 2021 மார்ச்ல தன்னோட 94வது வயசுல இறந்தார்.

டேப்போட அகலம் 4 மில்லிமீட்டருக்கும் கம்மி. ஒரு செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். சி-60ன்னா பக்கத்துக்கு 30 நிமிஷம். கணக்குப் போட்டா சுமார் 86 மீட்டர் நாடா. சி-90ன்னா பக்கத்துக்கு 45 நிமிஷம், கிட்டத்தட்ட 130 மீட்டர். அவ்வளவு நாடாவையும் அதே டப்பாவுக்குள்ள அடைக்கணும்னா மெலிசாக்கினாத்தான் ஆகும். அதனாலதான் சி-90 அடிக்கடி சிக்கிக்கும். "தொண்ணூறு வேணாம் தம்பி, அறுபது வாங்கு"ன்னு ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் சொல்றது வியாபாரத்துக்காக இல்ல, அதுல இயற்பியல் இருந்துச்சு.

ரெக்கார்டிங் சென்டர்! பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், அரியலூர் கடைத்தெரு, ஜெயங்கொண்டம், செந்துறைன்னு எங்க போனாலும் ஒண்ணு இருக்கும். கண்ணாடி அலமாரி நெறைய கேசட்டு, வாசல்ல ரெண்டு பெரிய ஸ்பீக்கர். நோட்டுப் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி, எம்ப்டி கேசட்டோட கொடுத்துட்டு வந்தா ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கலாம். ஏ சைடு ராஜா, பி சைடு ரஹ்மான். கடைசியில ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தா அண்ணனே இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு, அதைப் பாதியில வெட்டியிருப்பார். இன்னிக்கும் சில பாட்டு எனக்கு முதல் சரணம் வரைக்கும்தான் தெரியும்.

ஊர்ச் சத்தமே கேசட்டால மாறிப்போச்சு. திங்களும் வெள்ளியும் மட்டும் நடை தொறக்கிற சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பக்கம் போனா எல்.ஆர். ஈஸ்வரி. கார்த்திகை பொறந்தா தெருவுக்குத் தெரு கே. வீரமணியோட ஐயப்பன் பாட்டு. லப்பைக்குடிகாட்டுப் பக்கம் போனா நாகூர் ஹனிபா. வீரமாமுனிவர் கட்டின ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் திருவிழாவுல மாதா பாட்டு. சாமி எதுவா இருந்தாலும் மைக்செட்காரர் ஒருத்தரே, கேசட்டுப் பெட்டிதான் வேற வேற.

பேசி அனுப்பின கடுதாசி

எங்க பக்கத்துக் கேசட்டுக்கு இன்னொரு வரலாறு உண்டு, அதை யாரும் கடையில வாங்கினது இல்ல.

லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் சுத்துவட்டாரத்துல வளைகுடா நாட்டுக்குப் போகாத ஆள் இல்லாத வீடு ரொம்பக் கம்மி. மழை ரெண்டு வருஷம் ஏமாத்தினா வெவசாய வீட்டு ஆளுங்களும் ஏஜென்ட்டுக்குக் காசு கட்டிக் கெளம்பிருவாங்க. போனவங்க வீட்டோட பேசணுமே? கடுதாசி வந்து சேர பதினஞ்சு இருபது நாளாகும், வந்தாலும் எங்க அப்பாயி மாதிரி எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு யாராச்சும் படிச்சுக் காட்டணும். புருஷன் பொண்டாட்டிக்கு எழுதினதை மூணாவது மனுஷன் படிச்சா எப்படி இருக்கும்? போனு இன்னும் மோசம். கடைக்காரர் வீட்டு பி.பி. நம்பருக்குக் கூப்பிட்டு, ஆள் ஓடிவந்து சொல்லி, நாம மூச்சு வாங்க ஓடி, "நல்லா இருக்கியா? நல்லா இருக்கேன்" சொல்றதுக்குள்ள காசு தீந்துபோகும்.

அதனால கேசட்டுல பேசி அனுப்பிடுவாங்க. ஊருக்கு வர்ற ஆளுகிட்ட சோப்பு, தலவலித் தைலம், சேலையோட ஒரு கேசட்டும் வரும். இது நாங்க கண்டுபிடிச்சதில்ல. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க சிப்பாய்கள் வீட்டுக்கு டேப்புல பேசி அனுப்பியிருக்காங்க. கேரளாவுல 70களோட கடைசியில எஸ்.ஏ. ஜமீல் எழுதிப் பாடின 'துபாய் கத்து பாட்டு' ஒரு பொண்டாட்டி துபாய்ல இருக்கிற புருஷனுக்கு எழுதுற கடுதாசிதான். கேசட்டுல வீடு வீடாப் போய் அழ வெச்ச பாட்டு. எங்க ஊர்ல பாட்டெல்லாம் இல்ல, நேரா பேச்சுதான்.

அப்பா 2000த்துல சவூதி போனார். கட்டட வேலை. எனக்கு நாலு வயசு. 2002ல ஊருக்கு வந்த ஒருத்தர் மூலமா அந்த டூ-இன்-ஒன் வந்துச்சு, கூடவே "வீட்டுக்கு"ன்னு எழுதின ஒரு சி-60. மொதல்ல அப்பாயிகிட்ட பேசுவார், அப்புறம் அம்மாகிட்ட, அப்புறம் என்கிட்ட, கடைசியா மாடு கன்னு, கடன் கணக்கு. இடையில பின்னாடி ஏர்கூலர் சத்தமும், யாரோ ஹிந்தியில பேசுறதும் கேக்கும்.

அப்பாயிக்கு அது தெனமும் வேணும். சாயங்காலம் மாட்டைக் கட்டிட்டு, கையைக் கழுவிட்டு வந்து உக்காரும். "டேய், உங்கப்பனைப் பேசச் சொல்லுடா"ன்னு சொல்லும். நான்தான் பட்டனை அமுக்குவேன். அப்பா ஒவ்வொரு கேள்வி கேக்கும்போதும் அப்பாயி டேப்புக்குப் பதில் சொல்லும். "சாப்ட்டியாம்மா?" "ம், சாப்ட்டேன்பா." தனக்குச் சம்பந்தப்பட்டது முடிஞ்சதும், மருமவகிட்ட மவன் பேசுறதைக் கேக்கக் கூடாதுன்னு எந்திரிச்சுப் போயிரும். ஆக, அப்பாயிக்கு அந்தக் கேசட்டுங்கறது மொத அஞ்சு நிமிஷம் மட்டும்தான்.

செல்லோ டேப் வித்தை

இப்ப என் குத்தத்துக்கு வர்றேன்.

கேசட்டோட முதுகுப் பக்கம் ரெண்டு ஓரத்துல சின்னச் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும், ஞாபகம் இருக்கா? அதை ஒடிச்சுட்டா அந்தப் பக்கம் அப்புறம் ரெக்கார்ட் ஆகாது. செட்டுக்குள்ள ஒரு நெம்புகோல் அந்த ஓட்டையைத் தடவிப் பாக்கும், தகடு இல்லேன்னா ரெக்கார்ட் பட்டனை அமுக்க விடாது. அப்பா தகட்டை ஒடிச்சுத்தான் அனுப்பியிருந்தார். ஆனா அந்த ஓட்டை மேல செல்லோ டேப் ஒட்டினா நெம்புகோலை ஏமாத்திடலாம். இந்த வித்தையை ரெக்கார்டிங் சென்டர்ல அண்ணன் செய்யறதை நான் பாத்திருந்தேன். கெட்டதை மட்டும் கேக்காமலே கத்துக்கிற வயசு!

2003ல நான் ரெண்டாங்கிளாஸ். எங்க வீட்டுல டிவி கெடையாது. மேலவீட்டுல ஒரு சாலிடேர் பிளாக் அண்ட் ஒயிட் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொதிகையில படம் போடுவாங்க. அதுல வர்ற ஒரு பாட்டு எனக்கு வேணும். எம்ப்டி கேசட்டுக்குக் காசில்ல. கைக்குக் கெடைச்சது "வீட்டுக்கு".

நாலு பெரிய பேட்டரி போட்ட டூ-இன்-ஒன்னை இடுப்புல கொழந்தை மாதிரி தூக்கிட்டுப் போய் டிவி முன்னாடி வெச்சேன். கேசட்டை மொதல்லேர்ந்து சுத்தி, செல்லோ டேப் ஒட்டி, பாட்டு ஆரம்பிச்சதும் பிளேவையும் ரெக்கார்டையும் சேத்து அமுக்கினேன். பாட்டு முடிஞ்சதும் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா ஒரே இரைச்சல், பாட்டு எங்கேயோ கெணத்துக்குள்ளேர்ந்து கேட்டுச்சு. அப்பத்தான் உறைச்சுது, நான் அழிச்சது எதைன்னு.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பாயி கையைக் கழுவிட்டு வந்து உக்காந்துச்சு. "கேசட்டு சிக்கிக்கிச்சு அப்பாயி"ன்னு சொல்லிட்டேன். கேசட்டை எடுத்துப் பெட்டிக்கு அடியில ஒளிச்சும் வெச்சுட்டேன்.

திட்டியிருந்தாலாவது தேவலை. அப்பாயி நம்பிடுச்சு. "கடையில குடுத்து ரிப்பேர் பண்ணச் சொல்லுடா சாமி"ன்னு மாசக்கணக்குல கேட்டுச்சு. சந்தைக்குப் போறவங்ககிட்ட எல்லாம் "கேசட்டு ரிப்பேருக்கு எவ்வளவு கேப்பாங்க"ன்னு வெசாரிச்சுச்சு. முந்தானையில முடிஞ்சு வெச்ச காசை ஒருநாள் என் கையில கொடுத்துச்சு. அந்தக் காசை நான் என்ன பண்ணினேன்னு இங்க எழுத எனக்குத் தெகிரியம் இல்ல.

2004 தைக்கு அப்புறம் அப்பாயி படுத்துச்சு. மாசி பொறந்து ரெண்டாம் வாரம் போயிருச்சு. அப்பாவுக்கு லீவு கெடைக்கல, காரியத்துக்குக்கூட வர முடியல. 2005லதான் திரும்பி வந்தார். அவர் அப்பாயிகிட்ட பேசின அந்த அஞ்சு நிமிஷம்தான் கடைசியா பேசினதா ஆகிப்போச்சு. அதை அழிச்சவன் நான்.

கேசட்டு போன கதை

அப்புறம் காலம் வேகமா ஓடிருச்சு. எங்க மாவட்டமே ஒரு கேசட்டு மாதிரி ஏ சைடு பி சைடுன்னு மாறிக்கிட்டு இருந்துச்சு. 2001 ஜனவரி 1ல அரியலூர் தனி மாவட்டம், 2002 மார்ச் 31ல திரும்பப் பெரம்பலூரோட, 2007 நவம்பர் 23ல மறுபடி தனி. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரங்களுக்குக் கடுதாசி போடும்போதெல்லாம் இப்ப எந்த மாவட்டம்னு கேட்டுட்டுத்தான் எழுதணும்.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்ல தமிழக அரசோட இலவச கலர் டிவி திட்டம் ஆரம்பிச்சது. 14 இஞ்ச் டிவி. கட்டம் கட்டமா ஊர் ஊரா வந்துச்சு. எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு அம்மா டிவிக்குப் பொட்டு வெச்சாங்க. அதுவரைக்கும் மேலவீட்டு வாசல்ல செருப்பு விட்டுட்டு நின்ன நாங்க, எங்க வீட்டுலயே பாயைப் போட்டு உக்காந்து பாத்தோம். அதை இன்னிக்கு ஆயிரம் பேர் கிண்டல் பண்ணலாம், நிக்க வெச்சுப் படம் பாத்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். 2011ல ஆட்சி மாறினதும் டிவி நின்னு, மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்துச்சு.

டிவி வந்த அன்னிக்கு டூ-இன்-ஒன் அலமாரி மேல ஏறுச்சு, கொஞ்ச நாள்ல பரணுக்குப் போச்சு.

ரெக்கார்டிங் சென்டர் அண்ணன்கள் கெட்டிக்காரங்க. மொதல்ல கேசட்டுல பதிஞ்சாங்க. அப்புறம் ஒரே சிடியில நூத்தம்பது பாட்டுன்னு எம்பி3 எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் சைனா செல்போன் வந்ததும் மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் கொடுத்தாங்க. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்புறம் அதுக்கும் வேலையில்லாமப் போச்சு. நான் கேசட்டு கொடுத்து வாங்கின கடை இப்போ செல்போன் கவரும் டெம்பர் கிளாஸும் விக்குது. அண்ணனுக்கு நரைச்சுப்போச்சு, ஸ்பீக்கர் மட்டும் மாறல.

ஆபரேஷன்

சரி, பொங்கலுக்கு வருவோம். கேசட்டைச் சென்னைக்கு எடுத்துட்டு வந்தேன். இன்ஜினியரிங் படிச்சதுக்கு உருப்படியா ஒரு வேலை.

டூ-இன்-ஒன்ல ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்துச்சு. சுரண்டி எடுத்துட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடி அளவுக்கு ஒரு பெல்ட் வாங்கி மாட்டினேன். ஹெட்டை ஸ்பிரிட்டும் பஞ்சும் வெச்சுத் துடைச்சேன். கேசட்டுக்குள்ள நாடாவை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிற ஒரு குட்டிப் பஞ்சு இருக்கும், அது உதிர்ந்துபோயிருந்துச்சு. அது இல்லேன்னா சத்தம் மங்கிப்போகும். வேற கேசட்டுலேர்ந்து எடுத்து வெச்சேன், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை மாதிரி. நல்லவேளை, அஞ்சு ஸ்க்ரூ போட்ட கேசட்டு. ஒட்டின கேசட்டா இருந்தா உடைச்சுத்தான் தொறக்கணும். நாடா மேல பூத்திருந்த வெள்ளைப் பூஞ்சையை மெதுவாத் துடைச்சேன். அப்புறம் ஹெட்ஃபோன் ஓட்டையிலேர்ந்து லேப்டாப்புக்கு ஒயர், ஆடாசிட்டியில ரெக்கார்ட்.

மனசுல ஒரு நப்பாசை. மேல எழுதினாலும் அடியில பழைய சத்தம் லேசா மிச்சம் இருக்காதா? ஹார்ட் டிஸ்க்ல அழிச்ச ஃபைலைத் திருப்பி எடுக்கிறோமே? ஆனா டேப்பு கதை வேற. ரெக்கார்ட் ஹெட்டுக்கு முன்னாடியே அழிக்கிற ஹெட்டுன்னு ஒண்ணு நிக்கும். விலை கம்மியான செட்டுகள்ல அது வெறும் ஒரு சின்னக் காந்தம். நாடாவுல இருக்கிற இரும்புத் துகள் எல்லாம் எந்தத் திசையில நின்னு எங்கப்பா குரலைச் சொல்லிச்சோ, அதையெல்லாம் அந்தக் காந்தம் ஒரே பக்கம் திருப்பி விட்டுடும். ஃபைல்ல அழிக்கிறது பேரை மட்டும் அடிக்கிற மாதிரி. இது ஆளையே அடிக்கிற மாதிரி. ரெண்டு ராத்திரி ஃபில்டர் மேல ஃபில்டர் போட்டுப் பாத்தேன். ஒண்ணுமில்ல.

நாலு நிமிஷம் அம்பது செகண்டு இரைச்சல். அப்புறம் "டொக்"னு ஒரு சத்தம், நான் நிறுத்தின எடம். உடனே அப்பா குரல், ஒரு வார்த்தையோட நடுவுலேர்ந்து ஆரம்பிக்குது. முப்பத்தஞ்சு வயசு அப்பா. இப்போ பேசுறதைவிட மெல்லிசான குரல்.

தோத்துட்டேன்னு முடிவு பண்ணி, கடைசியா ஒருதரம் அந்த இரைச்சலையே ஹெட்ஃபோன் போட்டு முழுசாக் கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் அதை முழுசாக் கேட்டதே இல்ல. ரெக்கார்ட் பண்ணினது ஒயர் போட்டு இல்ல, செட்டுல இருக்கிற மைக்ல. அப்போ டிவி மட்டுமா பதியும்? அந்த ரூம்ல இருந்த எல்லாமே பதிஞ்சிருக்கு. மேலவீட்டு ஃபேன் சத்தம். யாரோ பசங்க சண்டை. ரெண்டாவது சரணத்துக்கிட்ட, வாசப்பக்கத்துலேர்ந்து ஒரு கெழவி குரல்:

"டேய், சோறு ஆறுது, வாடா. பேட்டரி தீந்துபோச்சுன்னா உங்கப்பன் எப்படிடா பேசுவான்?"

அப்புறம் மேலவீட்டு அம்மாகிட்ட ஏதோ சொல்லிச் சிரிக்குது. மொத்தம் பதினேழு செகண்டு.

எங்க வீட்டுல அப்பாயியோட போட்டோ ஒண்ணே ஒண்ணு, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. குரல் எங்கேயும் இல்லேன்னுதான் நெனச்சிருந்தோம்.

அப்பாகிட்ட

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். இத்தனை வருஷமா சொல்லாததை மொதல்ல சொன்னேன். ஒளிச்சு வெச்சது, அப்பாயி காசு கொடுத்தது எல்லாம். அப்பா பேசாமக் கேட்டார். "அன்னிக்கு அம்மாகிட்ட என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்லப்பா. மாட்டை வித்துடாதேன்னு சொல்லியிருப்பேன். வேற என்ன சொல்லியிருக்கப்போறேன்"னார்.

அப்புறம் போனை எடுத்து அந்தப் பதினேழு செகண்டைப் போட்டுக் காட்டினேன். கேட்டுட்டு எந்திரிச்சுத் தொட்டிக்குப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். திரும்பி வந்து கையைக் கழுவிட்டு உக்காந்தார்.

"இன்னொரு தரம் போடு."

எங்க வீட்டுலேர்ந்து கொஞ்ச தூரத்துலதான் சாத்தனூர் கல்மரம் இருக்கு. 18 மீட்டருக்கு மேல நீளம். இந்தப் பக்கமெல்லாம் கடலா இருந்த காலத்துல அடிச்சுட்டு வந்து புதைஞ்ச மரம், சுமார் 12 கோடி வருஷம்னு சொல்றாங்க. 1940ல புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டெடுத்துச் சொன்னார். அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்குத் தோண்டின எடமெல்லாம் கிளிஞ்சல். மரமும் சிப்பியும் கோடி வருஷம் இருக்கிற மண்ணுல, எங்கப்பாயியோட குரல் ஒரு திருட்டு ரெக்கார்டிங்கால பொழைச்சிருக்கு. என் குத்தம் இதனால கழிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். கேசட்டுல மிச்சம் இருந்த இருபத்தஞ்சு நிமிஷத்தையாவது அன்னிக்கே அதுக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். பயந்து ஒளிச்சேன் பாருங்க, அதுதான் பெரிய குத்தம்.

கடைசியா மக்களே, உங்க வீட்டுப் பரண்லயும் பேசின கேசட்டு ஏதாவது இருந்தா ஒண்ணு மட்டும் செய்ங்க. எடுத்த உடனே செட்டுல போட்டுடாதீங்க. பெல்ட்டையும் அழுத்துற பஞ்சையும் பாருங்க, பூஞ்சை இருக்கான்னு பாருங்க. ரெக்கார்ட் தகடு ஒடிஞ்சிருக்கான்னு பாருங்க, இல்லேன்னா நீங்களே ஒடிச்சுடுங்க. அப்புறம் ரெண்டு பக்கத்தையும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. பாட்டுன்னு தாண்டிடாதீங்க, இரைச்சல்னு வெட்டிடாதீங்க. முழுசாக் கேளுங்க.

யாராவது உங்களைச் சோத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கலாம்.